குச்சி பச்சையானால் கூப்பிடுங்கள்

குழந்தைகளின் சிறுநீரகக் கோளாறுகளைப் பார்க்கும் பிரிவில் தாதி வேலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸி வேலை, என்றால், பிள்ளையிடம் ஒரு நிமிடமும் கூட வந்த சொந்தத்திடம் ஒரு மணி நேரமும் பேசுகிற வேலை. எல்லாம் தெரிந்த ஓர் அத்தை உங்கள் குடும்பத்திலும் இருப்பார். என் பாடு உங்களுக்குப் புரியும்.

கொழுகொழு

அலோர் காஜாவிலிருந்து ஏழு வயது யாழினி வந்தாள். காலையில் கண் இரண்டும் வீங்கியிருக்கும், சாயங்காலம் கால். பள்ளி ஆசிரியை பார்த்துப் பயந்து போய் அனுப்பிவைத்திருந்தார். சிறுநீரில் சோதனைக் குச்சியை நனைத்தேன். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாகிவிட்டது. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது, இது சதை இல்லை, நீர் என்று அம்மா கவிதாவிடம் பொறுமையாகச் சொன்னேன். பதில் சொன்னது கூட வந்த அத்தை, யாழினி அப்பாவின் அக்கா:

"இப்பத்தான் கொஞ்சம் உடம்பு வெச்சிருக்கா மிஸி. ஊர் கண்ணு பட்டுருச்சின்னு நேத்துதான் சுத்திப் போட்டேன். நீங்க வேற சீக்குன்னு சொல்றீங்க."

உப்பில்லாச் சமையல்

மாத்திரை கொடுத்து, உப்பு கூடாது, மேகி கூடாது, குரோப்போக் அப்பளம் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோதும் கால் வீக்கம் அப்படியே இருந்தது. உப்பு போட்டீர்களா என்று கேட்டதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு துளி உப்பு போடலலா மிஸி. புள்ள சப்புன்னு எப்படித் திங்கும்? சோத்துல கிச்சாப் மட்டும்தான் ஊத்தினோம்."

கிச்சாப் என்பதே உப்பில் ஊறிய சோயாதான் என்று நான் அன்று எத்தனை விதமாகச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

போட்டோ

பிறகு வீக்கம் வடிந்தது. வீட்டில் தினமும் சோதிக்கக் குச்சிகளைக் கொடுத்தோம். பச்சையானால் உடனே கூப்பிட வேண்டும், மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது என்றும் சொன்னோம். அந்த மாத்திரைக்குக் கன்னம் உப்பும். அத்தை மகளுக்கு ஆயர் குரோவில் கல்யாணம். பெண்ணுக்கு முன்னால் தட்டு ஏந்தி நடக்கப்போவது யாழினி. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

கல்யாண மண்டபத்திலிருந்து பட்டுப் பாவாடையோடு தூக்கிவந்தார்கள். வயிறு முழுக்க நீர், அதில் கிருமி, உடம்பு அனலாகக் கொதித்தது. பிழைப்பாளா என்று எனக்கே பயம். கவிதா அழுதுகொண்டே நின்றார். வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, "ஏங்க்கா நிறுத்துனீங்க?" என்று அத்தையிடம் கேட்டேன்.

"போட்டோல மூஞ்சி உப்பலா வந்தா நல்லாவா இருக்கும் மிஸி?"

யாழினி

மருந்து ஏறி, காய்ச்சல் விட்டு, அவள் கண் திறந்து பேசியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டு, அத்தைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"குச்சி பச்சையாச்சின்னு நான் சொன்னேன் மிஸி. கல்யாணம் முடியட்டும், வாய மூடுன்னாங்க. உங்க நம்பர எனக்குக் குடுங்க, இனிமே நானே போன் பண்றேன்."

அந்த வீட்டில் பொறுப்பான பெரியவர் யார் என்று டாக்டர் கேட்டால், இப்போதெல்லாம் நான் ஏழு வயதுக்காரியைத்தான் கைகாட்டுகிறேன்.