சமையலறை வெளியூர், தறி உள்ளூர்: ஆரணியில் ஒரு நாட்டு எல்லை

வைகாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆரணிக்குப் போய் வந்தேன். போனதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, போளூரில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு அந்த வெள்ளிக்கிழமை கல்யாணம். முகூர்த்தச் சேலை ஆரணியில் தறியில் இருந்தது. இன்னொன்று, ஒரு கல். சேலைக்காகத்தான் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அக்கா இந்த வலைப்பூவைப் படிப்பதில்லை என்பதால் இங்கே உண்மையைச் சொல்லலாம்: கல்லுக்காகத்தான் போனேன்.

கல்லைப் பற்றிச் சொல்ல வேல்ஸிலிருந்து வர வேண்டும். போன வருடம் வேலையாக அங்கே மூன்று மாதம் இருந்ததை எழுதியிருந்தேன், பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்து வேல்ஸில் நிலத்தை ‘காண்ட்ரெவ்’ என்று பிரித்திருந்தார்கள். பெயருக்கு நூறு ஊர் என்று பொருள். நூறும் இருந்ததா என்று கேட்டால் அங்கேயும் மழுப்புகிறார்கள். அதற்குள்ளே சின்னப் பிரிவு ‘கூமுட்’. ஒவ்வொன்றுக்கும் தனி வழக்குமன்றம். அரசர்கள் போய், ஆங்கிலேயர் வந்து, புதிதாக மாவட்டம் பிரித்த பிறகும் அந்தப் பழைய கோடுகளில் பல, தேவாலய வட்டாரங்களாகவும் ஊர்ப் பெயர்களாகவும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டன. அதை எழுதியபோது எனக்கே உறைத்தது. இதைப் பார்க்க அவ்வளவு தூரம் விமானம் ஏறியிருக்க வேண்டாம்.

நம் தொண்டைமண்டலத்தை இருபத்து நான்கு கோட்டங்கள் என்பார்கள். கோட்டத்துக்குள் நாடு, நாட்டுக்குள் ஊர். ஆரணி, போளூர்ப் பக்கம் பல்குன்றக் கோட்டம். கிழக்கே வந்தவாசிப் பக்கம் வெண்குன்றக் கோட்டம். பல்லவர், சோழர், பிறகு ஆற்காட்டு நவாப், ஆரணி ஜாகீர், வெள்ளைக்காரர் காலத்து வட ஆற்காடு, இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம் என்று மேலே பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது. அடியில் என்ன மிச்சம் என்பதுதான் என் கேள்வி. சேலை நெய்யும் பாஸ்கரிடம் இதைத் தொலைபேசியில் ஒருநாள் உளறி வைத்தேன். அவர் அலட்டிக்கொள்ளாமல், “எங்க வீட்டுப் பக்கச் சுவராண்ட ஒரு கல்லு கீதுங்க, சூலம் போட்டுகினு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போது வந்துச்சி. நாட்டு எல்லைக் கல்லுன்றாங்க,” என்றார். அப்புறம் எனக்கு எங்கே தூக்கம் வரும்?

அதே பேச்சில் அவர் ஒரு எச்சரிக்கையும் சொன்னார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கரகம் எல்லை சுற்றித் திரும்பியதும் அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. கட்டிவிட்டால் எல்லைக்குள் இருக்கும் தறிகளில் எட்டு நாள் நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுக்க மாட்டார்கள், உள்ளே இருப்பவர்கள் எல்லை தாண்ட மாட்டார்கள். “ஆனா நமக்கு அந்தப் பேஜார் இல்லீங்க. காவாதான் எல்லை. மூணு வருஷத்துக்கு மின்ன அத்தத் தாண்டி வந்து வீடு கட்டிகினோம். நாம வெளிய. நீங்க மத்தியானம் வந்து வாங்கிகினு போங்க.”

பூந்தமல்லியில் காலை ஆறு மணிக்குப் பேருந்து. காஞ்சிபுரம், செய்யாறு வழி. கட்டணம் நூற்றுப் பதினைந்து ரூபாய், ஜன்னலோரம் கிடைத்தது. செய்யாற்றுக்கு முன்னால் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக எதிரே வந்ததில் அரை மணி நேரம் போயிற்று. ஷிப்டு மாறும் நேரத்தில் அந்தச் சாலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆரணியில் இறங்கும்போது பத்தாகிவிட்டது. நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, அறுபது ரூபாய். வடை பிரமாதம். சாம்பாரைப் பற்றிப் பேச வேண்டாம்.

வழியில் ஒரு அரசுப் பலகையில் ‘கோட்டாட்சியர் அலுவலகம்’ என்று இருந்ததைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன். கோட்டம் போய்விட்டது என்று யார் சொன்னது? ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “இன்னா மேடம், தெரிஞ்சவங்க ஆபீஸா?” என்றார். ஆயிரம் வருடத்துப் பழக்கம் என்றேன். அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பாஸ்கர் வீட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர், எண்பது ரூபாய்.

வீடு புதிது. முன்னால் கூடம், அதில் குழித்தறி, பின்னால் சமையலறை, அதன் பின்வாசல் ஒரு மண் சந்தில் திறக்கிறது. பாஸ்கர் தறிக்குழியில் இருந்தபடியே தலையை ஆட்டினார். அரக்குச் சேலை, மயில்கழுத்துக் கரை. பார்த்ததும் கல்லை ஒரு நிமிடம் மறந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்தி முடியவில்லை. ஜரிகை வந்து சேரத் தாமதமாகிவிட்டதாம். “சாயங்காலத்துக்குள்ள ஜல்தியா முடிச்சிடறேன், நீங்க கவலப்படாதீங்க. நாமதான் வெளிய கீறோமே,” என்றார். சொன்ன வேளைக்குக் கையில் வந்த பட்டுச் சேலையை நான் இதுவரை பார்த்ததில்லை, அதனால் ஆச்சரியப்படவில்லை.

அவர் மனைவி மல்லிகா கல்லைக் காட்டினார். வீட்டின் பக்கச் சுவர் பாதி நீளம் போன இடத்தில், முழங்கால் உயரத்தில், கறுப்பாக நின்றது. ஒரு பக்கம் சூலம் வெட்டியிருந்தது. யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். “பொக்லைன் இழுத்துகினு வந்து போட்ட கல்லுங்க. காவாக்கரையில இருந்தது போலக்குது,” என்றார் மல்லிகா. சொல்லும்போது அவர் முகத்தில் கல்லின் மேல் ஒரு கோபம் தெரிந்தது. கேட்டேன். பழைய தெருவில் இருந்தவரை, காப்பு நாளில் கரகம் வாசலில் நிற்கும், அவர் குடத்து மஞ்சள் தண்ணீரைக் கரகம் எடுத்தவர் காலில் ஊற்றுவார். கால்வாய் தாண்டி வந்த பிறகு வரவில்லை. “மூணு வருஷமா மேளச் சத்தம் மட்டும் கேக்கும். காவாயோட திரும்பிப் பூடும். நான் இங்க நின்னு கேட்டுகினு இருப்பேன். இன்னா தப்புப் பண்ணோம், வீடுதானே கட்டனோம்?”

மதியம் அங்கேயே சாப்பிட்டேன். ஆரணி அரிசிச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. நாலு மணிக்குப் பம்பைச் சத்தம் கேட்டது. மல்லிகா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே காதைத் தீட்டினார். சத்தம் கால்வாயோடு திரும்பவில்லை. வந்துகொண்டே இருந்தது. நாங்கள் வாசலுக்கு வந்தபோது கரகம், வேப்பிலை, நாலு பம்பைக்காரர்கள், ஒரு நாற்பது ஐம்பது பேர், எல்லாரும் சுவரோரக் கல்லுக்கு எதிரே நின்றிருந்தார்கள்.

முன்னால் நின்றவர் தேவராஜ். இந்த நாட்டுக்கு நாட்டாண்மை அவர்தான். நாற்பது வயதிருக்கும், பேருந்து நிலையத்தண்டை செல்போன் கடை வைத்திருக்கிறார். அவர் விளக்கினார். இந்தக் கல் எங்கிருந்தும் உருண்டு வந்ததில்லை, நட்ட இடத்திலேயே புதைந்திருந்தது. ஜோடிக் கல் அரிசி மில்லுக்குப் பின்னால் நிற்கிறது. கால்வாயைத்தான் எப்போதோ தள்ளி வெட்டியிருக்கிறார்கள். ஊர் கால்வாயோடு சேர்ந்து எல்லையையும் தள்ளிவிட்டது. இந்த வருடம் இரண்டு கல்லுக்கும் கயிறு பிடித்துப் பார்த்தார்கள்.

“கோடு உங்க வூட்டு நடுவால போவுதுங்க,” என்றார் தேவராஜ். “கூடம் எங்க பக்கம். சமையக்கட்டு வெளிய.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாஸ்கர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். கூடம் உள்ளே என்றால் தறி உள்ளே.

கோடு நடுவில் போகிற வீட்டுக்கு இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஊர் தீர்ப்புச் சொல்லாது. கரகம் வாசலில் வந்து நிற்கும். தண்ணீர் ஊற்றினால் வீடு உள்ளே. ஊற்றாவிட்டால் கரகம் பேசாமல் நகர்ந்துவிடும், வீடு வெளியே. எதுவானாலும் அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

“கரகம் கோயிலுக்குத் திரும்பி எவ்வளவு நேரத்தில் காப்புக் கட்டுவார்கள்?” என்று கேட்டேன். அரை மணி நேரம் என்றார்கள். முந்திக்கு எவ்வளவு நேரம் என்று பாஸ்கரிடம் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் என்றார். உள்ளே என்று சொன்னால் சேலை எட்டு நாள் தறியிலேயே கிடக்கும். கல்யாணம் வெள்ளிக்கிழமை.

வேல்ஸில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய எல்லைக்கோடுகளைப் பக்கம் பக்கமாகக் கொண்டாடி எழுதியவள் நான். அந்த நிமிடம் எனக்குக் கோட்டமும் வேண்டாம், நாடும் வேண்டாம், சேலை இருந்தால் போதும் என்று இருந்தது. “இத்தனை வருஷம் கால்வாய்தானே எல்லை, அப்படியே இருக்கட்டுமே,” என்று வாயைவிட்டுச் சொல்லியும் விட்டேன். தேவராஜ் மரியாதையாகச் சிரித்தார்.

பாஸ்கர் மனைவியிடம் தாழ்ந்த குரலில், “வெளியன்னே இருந்துடலாம் மல்லி. வாக்குக் குடுத்துட்டேன். பொண்ணு கல்யாணம்,” என்றார்.

மல்லிகா என்னைப் பார்த்தார். கரகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். போய்விட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி பிடிக்கவும் இல்லை. பம்பைக்காரர் ஒருவர் தோளில் பட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பத் தயாரானார்.

மல்லிகா குடத்தோடு வந்தார். மஞ்சள் எப்போதோ கரைத்து வைத்திருக்கிறார். கரகம் எடுத்தவர் காலில் குடம் முழுக்க ஊற்றினார், கற்பூரம் காட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பம்பை அதிர்ந்தது. நான் மனதுக்குள் அக்காவுக்கு என்ன சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்தேன்.

மல்லிகா அதோடு நிற்கவில்லை. தேவராஜிடம் திரும்பி, “இப்ப நாங்க உள்ளதானே?” என்றார்.

“உள்ளதாம்மா.”

“உள்ள இருக்கற வூட்ல மணை போட்டா அம்மன் உக்காருவா இல்ல?”

தேவராஜ் பூசாரியைப் பார்த்தார். பூசாரி, “உக்காருவா. போடறது உங்க உரிமை,” என்றார்.

“மூணு வருஷம் கழிச்சி வந்துகிறா. நின்னபடியே அனுப்ப மாட்டேன்.” மல்லிகா மணையைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, மேலே வேப்பிலையைப் பரப்பினார்.

“எவ்ளோ நேரம்மா?” என்றார் தேவராஜ். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

“அவ எழுந்திருக்கற வரிக்கும்,” என்றார் மல்லிகா. பிறகு புருஷனைப் பார்த்து, “நீ இன்னா நின்னுகினு கீற? போய் நெய்யி,” என்றார்.

பாஸ்கர் ஓடினார். கரகம் மணையில் அமர்ந்தது. பொழுது சாய்வதற்குள் போனால் போதும் என்று பூசாரி சொன்னார். கூட்டம் மொத்தமும் தெருவில் உட்கார்ந்தது. மல்லிகா வெளியூரில் பானகம் கரைத்து உள்ளூரில் பரிமாறினார். தேவராஜ் சும்மா இருக்க முடியாமல் என் செல்போனை வாங்கி, விரிசல் விட்டிருந்த கண்ணாடித்தாளைப் பிரித்து வேறு ஒட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தறியை எட்டிப் பார்த்து, பாஸ்கரிடம் திட்டு வாங்காத குறை.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் பாஸ்கர் கூப்பிட்டார். சேலையை அறுத்து, மடித்து, குங்குமம் வைத்து மல்லிகா கையில் கொடுத்தார். வெளியே கரகம் எழுந்தது. காப்புக் கட்டும்போது நான் எல்லைக்குள் இருந்தால் எட்டு நாள் இங்கேதான். “வாசப்பக்கம் சுத்திகினு போவாதீங்க. சமையக்கட்டு தாண்டினா நீங்க வெளியூரு,” என்றார் மல்லிகா.

சமையலறைப் பின்வாசல் நிலைப்படியில் நின்று, சந்தில் இறங்கிய என்னிடம் சேலையைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஏழு மணிப் பேருந்தில் போளூர், முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அக்கா சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “மத்தியானமே தரேன்னாங்களே, இன்னா பண்ணிகினு இருந்த இவ்ளோ நேரம்? கல்லப் பாத்துகினு இருந்தியா?” என்றாள்.

ஆரணிக்குச் சேலை எடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ரயிலில் வருவதாக இருந்தால் ஆரணி ரோடு நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். சொன்ன தேதிக்கு மேல் ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டு சேலைக்குச் சொல்லுங்கள். பங்குனியிலிருந்து வைகாசி வரை எப்போது காப்பு என்று முதலிலேயே கேளுங்கள், தறி எந்தப் பக்கம் என்பதையும் கேளுங்கள். கல்லைப் பார்க்க விரும்பினால் பார்க்கலாம், ஆனால் அது ஒரு வீட்டுச் சுவரோரம் இருக்கிறது, கேட்டுவிட்டுப் போங்கள். கரகத்தைப் படம் எடுக்காதீர்கள்.

வேல்ஸில் பழைய எல்லைகளைப் பலகையில் படித்தேன், நூலகத்தில் படித்தேன். ஒருவரும் என்னிடம் நீ எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை. அங்கேயும் எங்காவது ஒரு சமையலறை வழியாகக் கோடு போய்க்கொண்டிருக்கலாம், எனக்குக் காட்ட ஆள் இல்லாமல் போயிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தில் நாதஸ்வரம் ஆரம்பிக்கும்போது மல்லிகாவிடமிருந்து போன். அரக்குச் சேலையில் பெண்ணைப் பார்க்க வேண்டும், படம் அனுப்புங்கள் என்றார். நீங்கள் நேரில் வந்தே பார்க்கலாமே, முப்பது கிலோமீட்டர்தானே என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

“எப்டிங்க வர்றது? காப்புக் கட்டிட்டாங்களே,” என்றார். “நாங்க உள்ள கீறோம்.”

கல்யாணத்துக்கு வர முடியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னவரை நான் பார்த்ததில்லை.