அம்மாவின் முதுகுக் கோடு

பெரியநாயக்கன்பாளையத்தில் கிரைண்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குப் படம் போடும் வேலை. கிரைண்டரின் படமல்ல, அதில் மாவாட்டுகிறவர்களின் உடம்புப் படம். எவ்வளவு குனிகிறார்கள், எந்த மூட்டில் பாரம் விழுகிறது என்று அளந்து வரும் எண்களை நிறமாக்கித் தருவேன். பச்சை என்றால் சுகம், சிவப்பு என்றால் வலி. எங்கள் குழுவில் இன்ஜினியருக்கு மோட்டார் தவிர எதுவும் கண்ணில் படாது, விற்பனைக்காரருக்கு விலை. பிசியோதெரபி டாக்டர் பேச ஆரம்பித்தால் இருவருக்கும் கொட்டாவி வந்துவிடும். எண்களை நீட்டினால் ஒருவரும் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்ப்பார்கள்.

புது மாடலை உயர்த்திச் செய்வதா வேண்டாமா என்று பேச்சு வந்தபோது, வீட்டில் மாவாட்டி விற்கும் பெண்களைப் பார்க்க டாக்டரும் நானும் போனோம். முதலில் எங்கள் வீடு. அப்பா போன பிறகு அம்மா மாவு விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். தாழ்வான கிரைண்டரில் குனிந்து குனிந்து மாவு வழித்தவள், வெறுமனே நடக்கும்போதும் குனிந்தேதான் நடப்பாள்.

“இடுப்பு வலிக்குதுங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மொதல்ல காப்பியக் குடிங்க.”

தலையில் அடித்துக்கொண்டேன். தினமும் தைலம் தேய்த்துவிடுகிறவள் நான். அவர் போனதும், “ஏனுங்கம்மா இப்படிப் பொய் சொல்றீங்க?” என்று சண்டைக்குப் போனேன்.

“ஊட்டுக்கு வந்தவங்ககிட்டப் போயி நோவுதுன்னு சொல்றதா கண்ணு? நல்லாவா இருக்கும்?”

போன வீடெல்லாம் இதே காப்பி, இதே பதில். அந்தப் பதில்களை வைத்துப் போட்ட படம் பச்சைப்பசேலென்று வந்தது. “வலியே இல்லையே, அப்புறம் எதுக்குங்க செலவு?” என்றார் விற்பனைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா மாவு வழிக்கும் வீடியோவை வைத்து, அவள் அளவுகளிலேயே கோட்டுருவம் ஒன்று வரைந்தேன். பக்கத்தில் அதே உருவம் இன்னொன்று. வாய் சொன்னது ஒன்றில், முதுகு சொன்னது மற்றதில். ஒன்று முழுக்கப் பச்சை. மற்றதில் இடுப்பு செக்கச் செவேலென்று கிடந்தது. மாடலை உயர்த்தச் சம்மதித்தார்கள்.

அது வருவதற்குள் அம்மா போய்விட்டாள். நெஞ்சுவலி. காலையில் மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டம்மா, “ஏனுங்க, இப்படி வேர்க்குது?” என்று கேட்டிருக்கிறார். “ஒண்ணுமில்லீங்க” என்றாளாம். அந்த ஒண்ணுமில்லீங்கவை நினைத்தால் இன்றும் அழுகையோடு கோபமும் வருகிறது.

போன மாதம் புது மாடலுக்குப் படம் கேட்டார்கள். “புதுசா எதுக்கு, அந்த உருவத்தையே நிமிர்த்திப் போட்டுருங்க” என்றார் விற்பனைக்காரர். அது யாரென்று அவருக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரில் முதுகுக் கோட்டைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினேன். கழுத்தைத் தூக்கிவிட்டேன். இடுப்புச் சிவப்பு தானாகவே பச்சையானது. ஓரத்து அளவுகோலில் உயரம் ஏறிக்கொண்டே போய் நின்றது.

அம்மா என்னைவிட உயரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.