ஆமென் சொல்லாத காலை

என் அண்ணன் ஜெயராஜை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயதில் மூத்தவன்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவனுக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாத்தனார்க்காரி அண்ணிக்குப் பரிந்து பேசினால் ஊர் நம்பாது. நம்பாவிட்டால் போகட்டும்.

அண்ணி அம்புஜவல்லி பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பெண். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர், பெயரை மட்டும் மாற்றவில்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வைப்பார். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பொம்மை நெளிந்துவிடும். அவ்வளவு பதமான கை அவருக்கு. அதே கம்பெனியில் சூளைக்குச் சரக்கு ஏற்றுகிறவன் அண்ணன். புருஷன் செத்த பிறகு நானும் அவர்களோடுதான் இருக்கிறேன்.

அண்ணன் குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான், கெட்ட வார்த்தை பேசமாட்டான். சபையில் அவனுக்கு அப்படி ஒரு நல்ல பேர். சூளைப் பக்கம் போனால் கூட்டாளி பக்கிரியோடு வாய் ஓயாத சிரிப்பு. வீட்டுப் படி ஏறினால் வாயில் பூட்டு. விடிகாலை ஐந்தரை மணி குடும்ப ஜெபத்தில்தான் அந்தப் பூட்டு திறக்கும். பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அப்போது ஆண்டவரிடம் சொல்லுவான்.

“அன்பின் பரமபிதாவே, கொழம்புல உப்புப் போட மறந்த கைகளை மன்னியும். புருஷன் பேச்சக் கேக்கற இருதயத்த இந்த வூட்டுப் பொம்பளைங்களுக்குத் தாரும்.”

நாங்கள் கண்ணை மூடி மண்டியிட்டிருப்போம். ஜெபத்துக்கு நடுவில் யார் எதிர்த்துப் பேச முடியும்? அடிக்கிறவன் கையையாவது பிடிக்கலாம், ஜெபிக்கிறவன் வாயை எப்படிப் பொத்துவது? கடைசியில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். தன்னைத் திட்டியதற்கெல்லாம் இருபது வருஷம் அண்ணி ஆமென் சொன்னார். கூடவே நானும்தான் சொன்னேன். அந்தக் கோபம் எனக்கு என் மேலேயே உண்டு.

2004ஆம் வருஷம் அவர்கள் மகள் இளமதி பிளஸ் டூ முடித்தாள். கடலூரில் நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வந்தாள். அதில் தகப்பன் கையெழுத்து வேண்டும். அண்ணி அதை அண்ணன் சாப்பிடும் இடத்தில் கொண்டுபோய் வைத்து, வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சொன்னார். அவன் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவினான். மறுநாள் ஜெபத்தில்தான் பதில் வந்தது.

“ஊரு தாண்டிப் போயி கெட்டுப்போற ஆசையிலேர்ந்து இந்தப் பொண்ணக் காப்பாத்தும் ஆண்டவரே.”

நாலு நாள் இதே ஜெபம். இளமதி சாப்பாட்டைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தது. அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தான்.

“பிதாவே, புள்ளைங்களுக்கு எடங்குடுத்துக் கெடுக்கற தாய்மார…”

“இருங்க” என்றார் அண்ணி.

நான் கண்ணைத் திறந்தேன். அண்ணி அவனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“ஆண்டவரே, கொஞ்சம் பொறுத்துக்கும். ஒமக்கு எல்லாம் தெரியும். இவருக்குத்தான் தெரியல.” பிறகு அண்ணனிடம் சொன்னார். “மனஸ்தாபம் இருந்தா காணிக்கையப் பலிபீடத்துலியே வெச்சிட்டு, மொதல்ல போயி பேசித் தீத்துக்கிட்டு வான்னுதான இயேசப்பா சொன்னாரு? நான் ரெண்டடி தள்ளித்தான இருக்கறன்? என்னத் தாண்டி எங்க போயி பேசறீங்க? உப்பு கொறஞ்சா எங்கிட்டச் சொல்லுங்க. பொண்ண அனுப்ப பயமா இருந்தா, பயமா இருக்குதுன்னு எங்கிட்டச் சொல்லுங்க. இனிமே என்னத் திட்டற ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லமாட்டன்.”

அண்ணனுக்கு முகம் கடுத்தது. நியாயம் கேட்பதுபோல என்னைப் பார்த்தான்.

“நானும் சொல்லமாட்டண்ணா” என்றேன்.

கம்பெனிச் சங்கு ஊதியது. அவன் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்து, “ஆஸ்டல்ல பொண்ணுங்க மட்டுந்தான இருப்பாங்க?” என்றான்.

“யாரக் கேக்கறீங்க?” அண்ணி விடவில்லை.

அண்ணன் மெல்லத் திரும்பினான்.

“ஒன்னத்தான் கேக்கறன், அம்புஜம்.”

அண்ணி பதில் சொன்னார். அவன் இன்னொன்று கேட்டான். அதற்கும் சொன்னார். விண்ணப்பத்தில் கையெழுத்து விழும்போது வெயில் ஏறிவிட்டது. இளமதி அதைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. கூட வாழ்கிறவளிடம் ஒரு கேள்வி கேட்க ஒரு மனுஷனுக்கு இருபது வருஷமா?