எதிர் ஃப்ளாட்டில் குடியிருந்தவர்

கரிக்கலாம்பாக்கத்தில் நெல் விளைந்த நிலத்தின் மேல்தான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் கரும்புதான். கட்டியவர் முகப்பில் வைத்த பலகையில், கிராமத்துக் காற்றோடு நகர வாழ்க்கை என்று எழுதியிருந்தார். காற்று ஏற்கெனவே இருந்தது. நகரத்திலிருந்து முதலில் வந்து சேர்ந்தது திருட்டுப் பயம்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. நாங்கள் குடிவந்த புதிதில் பக்கத்து மனைப்பிரிவில் பூட்டியிருந்த ஒரு வீட்டை உடைத்து, சிலிண்டர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உடனே எங்கள் மொட்டை மாடியில் கூட்டம் போட்டார்கள். சங்கச் செயலாளர் கேட்டில் கேமரா வைத்தார். சுற்றுச்சுவர் முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்தார். கீழ்த்தளத்தில் இருந்த பெரியவர் அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர். நிலத்தைக் கொடுத்துவிட்டு ஈடாக வீடு வாங்கிக்கொண்டவர். அவர் தன் பால்கனியைக் கனமான இரும்புக் கம்பிகளால் அடைத்தார். அவருக்கு மேல் வீட்டில், முதல் தளத்தில் இருந்த பள்ளி ஆசிரியை, வாசற்கதவில் இருந்த பூட்டோடு இன்னும் இரண்டு பூட்டு போட்டுக்கொண்டாள். பால்கனிக்குக் கம்பி வேண்டாம் என்றாள். கரும்புத் தோட்டம் தெரியாமல் போய்விடுமாம்.

ஆசிரியை வீட்டுக்கு நேர் மேலே, எங்கள் வீட்டுக்கு எதிரே, ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மகளுடைய பிரசவத்துக்காக இருவரும் வெளிநாடு கிளம்பினார்கள். திரும்பி வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். கிளம்புவதற்கு முன்பு அவர் என்னை அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"நாங்க ஊர்ல இல்லங்கிறது நமக்குள்ளயே இருக்கட்டும்மா. பூட்டுன வீடுன்னு தெரிஞ்சாத்தானே திருடன் வருவான்? பூட்டுன வீடு மாதிரியே தெரியக் கூடாது."

அதற்கு அவர் வைத்திருந்த ஏற்பாடு எளிமையானது. சாயங்காலம் நான் போய் விளக்கைப் போட வேண்டும். ஒரு மணி நேரம் டிவியைச் சத்தமாக வைக்க வேண்டும். பால்கனிக் கொடியில் தினம் ஒரு ஆண் சட்டை காய வேண்டும். அதற்கென்று மருமகனின் பழைய சட்டைகளை எடுத்து வைத்திருந்தார். காலையில் குக்கரில் வெறும் தண்ணீர் ஊற்றி மூன்று விசில் விட வேண்டும். வாசலில் ஒரு ஜோடி செருப்பு இருக்கும். அதை அவர் வில்லியனூர் கடைத்தெருவில் பிரத்தியேகமாகத் தேடி வாங்கியிருந்தார். என் இரண்டு பாதமும் ஒரு செருப்பில் அடங்கும்.

"இவ்வளவு பெரிய கால் இருக்கிற ஆளோட மோதணும்னா எவனும் ஒரு தடவை யோசிப்பான்" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் இப்படி ரகசியம் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவர் மனைவி மகளுக்காகச் சுட்ட அதிரசத்தில் மிச்சமானதை வீடு வீடாகக் கொடுத்து, எந்த ஊருக்குப் போகிறார்கள், எந்த விமானம், எப்போது திரும்புவார்கள் என்பதையெல்லாம் சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

ஆகவே அவர்கள் போனது எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் சட்டை காய்வதும் எல்லாருக்கும் தெரிந்தது. கீழ் வீட்டுப் பெரியவர்தான் முதலில் கேட்டார்.

"இன்னாம்மா, உன் எதுத்த வூட்டுல யாரோ ஆளு இருக்குது போல?"

வாக்குக் கொடுத்திருந்தேனே. "சாரோட தம்பி வந்திருக்காருங்க" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வெளிய தலையே காட்றதில்லியே?"

"நைட் ஷிஃப்டுங்க."

நான் சொன்னது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தத் தம்பிக்குச் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்துவிட்டது. கல்யாணம் ஆகவில்லை என்று முடிவாயிற்று. அண்ணனைப் போல வாகனம் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை போடுகிறவர் இல்லை, பால்கனியில் ஈரத்துணி சொட்டவிட்டுக் கீழ் வீட்டை நனைக்கிறவர் இல்லை என்று நல்ல பெயரும் வாங்கினார். நனைக்க வழியில்லை. நான் காய்ந்த சட்டையைத்தான் கொடியில் போட்டேன்.

முதல் சில நாட்கள் எனக்கு அந்த வேலை வெட்கமாக இருந்தது. யாருமில்லாத அடுப்படியில் வெறும் தண்ணீர் குக்கருக்குக் காவல் நிற்பது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது. பிறகு கேஸ் வீணாகிறதே என்று அதில் பருப்பைப் போட்டேன். சாயங்கால நேரம்தான் என்னை முழுசாக மாற்றியது. என் வீட்டில் கணவர், மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகன். டிவி ரிமோட் என் கைக்கு வந்த நாள் எனக்கு நினைவில்லை. எதிர் வீட்டில் சோபா முழுக்க எனக்கு, ரிமோட்டும் எனக்கு. ஒரு மணி நேரம் ஒன்றரை ஆகி, இரண்டானது. "அந்த வூட்டக் காவந்து பண்றது ரொம்ப சிரமம்தான் போல" என்று மாமியார் சொன்னார். ஆமாம் என்றேன்.

நவராத்திரி சமயத்தில் ஆசிரியை ஒரு சம்புடத்தில் சுண்டலைப் போட்டு, பையோடு எதிர் வீட்டுக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. சாப்பிட்டுக் கழுவி, கொஞ்சம் சர்க்கரை போட்டு அவள் வாசலில் வைத்தேன். மறுநாள் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்திரத்துல சக்கர போட்டுக் குடுத்திருக்காருக்கா. தனியா இருக்கிற ஆம்பளைக்கு இதெல்லாம் தெரியுது பாருங்க."

"ம்" என்றேன்.

"எங்க அக்கா பொண்ணு ஒண்ணு பாகூர்ல இருக்குது. பி.காம். இவருக்கு ஜாதகம் கெடைக்குமாக்கா?"

நான் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். மேலாளரிடம் போனில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஏற்பாடு நன்றாக நடக்கிறது என்று மட்டும் சொன்னார். பிரசவம் சிக்கலாகி, அவர்கள் திரும்புவதும் தள்ளிப்போனது. ஆசிரியை ஜாதகத்தை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தாள். தம்பி பெரிய அண்ணனிடம் கேட்க வேண்டும் என்கிறார், இப்போது ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் சொல்லி நானும் சமாளித்துக்கொண்டே வந்தேன்.

வைகாசியில் வில்லியனூர் தேர் வந்தது. உள்ளூர் விடுமுறை. கட்டடமே கிளம்பிவிட்டது. விஷயம் கேள்விப்பட்ட மேலாளர் அங்கிருந்து போன் செய்து, "எல்லாரும் போறீங்கன்னா டிவியைப் போட்டுட்டே போங்கம்மா" என்றார். போட்டுவிட்டுப் போனேன்.

மத்தியானம் நாங்கள் திரும்பி வந்தபோது ஆசிரியை வீட்டு வாசலில் கூட்டம். அவள் வந்து பார்த்தபோது மூன்று பூட்டுகளும் பூட்டியபடியே இருந்தனவாம். பால்கனிக் கதவு மட்டும் திறந்து கிடந்தது. பீரோவை உடைத்து வெள்ளிக் குத்துவிளக்கையும் சில நகைகளையும் எடுத்திருந்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். செயலாளர் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். நாங்கள் எல்லாரும் பட்டுப் புடவையில் வெளியே போவது துல்லியமாகத் தெரிந்தது. அதன்பிறகு ஒரு மாடு உள்ளே வந்து செயலாளர் வளர்த்த குரோட்டன்ஸ் செடியை நிதானமாகத் தின்றுவிட்டுப் போனது. வேறு யாரும் வரவில்லை.

"பின்னால சுவரு?"

"கண்ணாடி பதிச்சிருக்குது சார். ஒருத்தன் கை வைக்க முடியாது" என்றார் செயலாளர்.

"அப்ப உள்ள இருந்த ஆளுதான். இன்னிக்கு யாரு வூட்ல இருந்தது?"

கீழ் வீட்டுப் பெரியவர் முன்னால் வந்தார். "ரெண்டாவது மாடில மேனேஜர் தம்பி இருக்காரு சார். நாங்க வந்தப்பகூட டிவி ஓடிக்கிட்டு இருந்துது."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"கருப்பா, நல்ல ஒசரம். மீசை வெச்சிருப்பாரு."

என் கணவர் என் காதருகே வந்து, "தம்பியா? எப்ப வந்தாரு?" என்றார். விளக்குப் போடுவதும் குக்கர் வைப்பதும் அவருக்குத் தெரியும். நைட் ஷிஃப்ட் விவகாரம் தெரியாது.

அழுதுகொண்டிருந்த ஆசிரியை எழுந்து வந்தாள். "சார், அவர மட்டும் சந்தேகப்படாதீங்க. நான் படியில பாத்திருக்கன். தலையக் குனிஞ்சிக்கினுதான் போவாரு. அந்த மாதிரி ஆளு இல்ல."

எல்லாரும் மேலே போனார்கள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லை. கான்ஸ்டபிள் வாசலில் கிடந்த செருப்பைக் காலால் புரட்டிப் பார்த்தார். "செருப்பக்கூட உட்டுட்டு ஓடிட்டான் சார்."

இனியும் பேசாமல் இருந்தால் என் எதிர் வீட்டுக்காரரைப் பிடிக்கத் தனிப்படை அமைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினேன்.

"சார், அங்க யாரும் இல்ல. எல்லாம் நான்தான்."

சப்-இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெரியவர், "இன்னாம்மா சொல்ற, நான் கண்ணால பாத்தன்" என்றார். கதவைத் திறந்து காட்டினேன். நாற்காலிகளில் தூசி படிந்திருந்தது. சோபாவில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் இடம் சுத்தமாக இருந்தது. அடுப்படியில் என் குக்கர், பக்கத்தில் என் பருப்பு டப்பா. மேலாளருக்குப் போன் போட்டு சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டு, "இதுக்கு ஒரு வாட்ச்மேன் போட்டிருக்கலாமே சார்" என்றார்.

திருட்டுப் போனதில் எல்லாருக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரு நல்ல மனிதரை நான் இல்லாமல் ஆக்கிவிட்டேன் என்பதில்தான் கோபம் அதிகம். ஆசிரியை என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். பெரியவர் மட்டும், அப்போ நான் பார்த்தது யார் என்று சில நாள் குழம்பிக்கொண்டிருந்தார்.

திருடன் வேறொரு வழக்கில் கடலூர்ப் பக்கம் பிடிபட்டான். விளக்கு கிடைத்தது, நகைகளில் பாதி கிடைத்தது. சம்பவ இடத்தைக் காட்ட அவனை அழைத்து வந்தபோது நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம். கரும்புத் தோட்டம் வழியாக வந்து, கண்ணாடிச் சில்லின் மேல் நனைத்த சாக்கைப் போட்டுத் தாண்டியிருக்கிறான். பெரியவர் வீட்டு இரும்புக் கம்பிகளை ஏணிப்படி மாதிரி மிதித்து முதல் தளத்துக்கு ஏறியிருக்கிறான்.

"ஏன்டா, மேல் வூட்டுக்கும் ஏறியிருக்கலாம் இல்ல?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

"ஏறலாம்னுதான் பாத்தன் சார். அங்க ஒரு ஆளு இருந்தாரு. இருமுற சத்தம் கேட்டுது."

டிவித் தொடரில் யாரோ இருமியிருக்க வேண்டும். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு நியாயம் கிடைத்துவிட்ட திருப்தி இருந்தது. மேலாளருக்கு இதைச் சொன்னபோது, தன் வீடு தப்பித்ததற்குத் தன் திட்டமே காரணம் என்று மகிழ்ந்தார். திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வாசனைத் திரவியப் புட்டியும் சாக்லேட்டும் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் மாமியார் செய்தி பார்த்துக்கொண்டிருக்க, நான் அடுப்படியில் நின்றேன். எனக்கு என்னவோ வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தது போல இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, கேட்டில் கீரைக்காரம்மாவிடம் நானும் ஆசிரியையும் ஒரே நேரத்தில் போய் நின்றோம். அவள் முளைக்கீரையைப் புரட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நெஜமாவே யாருமே இல்லியாக்கா?"

"இல்லம்மா."

"நல்ல மாதிரியா இருந்தாரு" என்றாள். பிறகு அக்கா மகளுக்குத் தவளக்குப்பத்தில் வரன் அமைந்திருப்பதாகவும், மாப்பிள்ளை கொஞ்சம் கோபக்காரராம் என்றும் சொல்லிக்கொண்டே என்னோடு படியேறினாள்.