மூன்றாவது இழுப்பு

பெபிஷாவுக்கு இருபத்தாறு வயதுவரை நீந்தத் தெரியாது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர், வாசலில் நின்றால் அலையின் தூவானம் முகத்தில் அடிக்கும், அப்பா சிலுவைதாசன் நாற்பது வருடமாக வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு நீச்சல் தெரியாதா என்பார்கள். தெரியாது சாமி, என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அந்தக் கரையில் கடலுக்குப் போவது ஆண்கள், மீன் விற்கப் போவது பெண்கள். பெண் காலெடுத்து வைத்தால் வள்ளத்துக்கு மீன் படாது என்று ஒரு சட்டம் வேறு. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் மீறவும் ஆளில்லை.

அவள் பிளஸ் டூ படிக்கும்போது சுனாமி வந்தது. வீட்டில் எல்லோரும் தப்பினார்கள், தெருவில் பலர் தப்பவில்லை. அதற்குப் பிறகு அம்மா விக்டோரியா மகளைக் கடற்கரை மணலில்கூட நிற்க விட்டதில்லை. நாகர்கோவிலில் நர்சிங் படித்து முடித்ததும் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. பாலைவனத்தில் தண்ணீர் ஏது என்று நினைத்திருப்பாள், பாவம்.

அந்தப் பாலைவனத்தில்தான் பெபிஷா நீந்தப் படித்தாள். காரணம் அபிதா. அவளும் நர்ஸ், ஹாஸ்டலில் ஒரே அறை, சொந்த ஊர் சிதறால் பக்கம். ஐந்து வயதில் குளத்தில் குதித்தவள். கடற்கரைக்காரி ஒருத்தி இடுப்பளவுத் தண்ணீரில் ஹாஸ்டல் நீச்சல் குளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்து அபிதா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்த கையோடு கம்பியிலிருந்து அவள் விரல்களைப் பிரித்து எடுத்தாள். ஆறே மாதத்தில் பெபிஷா அந்த நீச்சல் குளத்தை முழுக்க நீந்திக் கடந்தாள். அடுத்த வருடம், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குத் தள்ளுபடி என்று கேள்விப்பட்டு, இருவரும் சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா வகுப்பில் சேர்ந்தார்கள்.

முதல்முறை கடலுக்குள் கண் திறந்தபோது பெபிஷா முகமூடிக்குள்ளேயே அழுதாள். பயத்தால் அல்ல. இவ்வளவு காலம் வாசலில் கிடந்தது இதுதானா என்ற ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து மோதின. நான்கு முறை இறங்கினார்கள், பாஸானார்கள், புகைப்படம் ஒட்டிய அட்டையும் கையில் வந்தது. பயிற்சியாளர் இல்லாமல் துணையோடு இறங்கலாம் என்பதற்கு அத்தாட்சி அந்த அட்டை.

ஆனால் அட்டைக்குத் தெரியாத ஒன்று பெபிஷாவுக்குத் தெரியும். அந்த நான்கு முறையும் பயிற்சியாளரான பிலிப்பைன்ஸ்காரரின் கை அவளுடைய காற்றடைத்த ஜாக்கெட்டின் வாரை முதுகுப்பக்கமாகப் பிடித்திருந்தது. அபிதாவை அவர் பிடிக்கவில்லை, இவளைத்தான் பிடித்தார். அந்தக் கை இல்லாமல் தன்னால் முடியுமா? இந்தக் கேள்வி வார்டில் மாத்திரை எண்ணும்போதும் வந்தது, ஜெபமாலை உருட்டும்போதும் வந்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அபிதாதான் போட்டு உடைத்தாள். "ஏட்டி, கிறிஸ்துமஸ் லீவுக்கு ரெண்டு பேரும் ஊருக்குத்தானே போறோம். எங்க மாமாவுக்க குவாரி ஒண்ணு மூடிக் கெடக்கு. மழையில நெறஞ்சு பச்சையா கிடக்கும். நாம மட்டும் எறங்குவோம், வாறியா?"

பெபிஷாவின் கையிலிருந்த சப்பாத்தி கையிலேயே நின்றது. வருகிறேன் என்று வாய் சொன்ன பிறகுதான் மனசுக்குத் தகவல் போனது.

அன்று தொடங்கிய திருவிழா இரண்டு மாதம் ஓடியது. எவ்வளவு ஆழம், எவ்வளவு காற்று மிச்சமிருக்கும்போது திரும்புவது, ஒருவரை ஒருவர் காணாமல் போனால் என்ன செய்வது என்று சோற்றுத் தட்டை வைத்துத் திட்டம் போட்டார்கள். தட்டு குவாரி, முருங்கைக்காய்த் துண்டுகள் இரண்டும் இவர்கள். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு முகமூடியைக் கழற்றி மாட்டிப் பழகினார்கள். ஊருக்கு வரும் விமானத்தில் வாய் பேசாமல் கைச்சாடையிலேயே பேசிக்கொண்டு வர, இரண்டு பேருக்கும் காது கேட்காது போல என்று பணிப்பெண் பரிதாபப்பட்டு அதிகமாக ஒரு ஜூஸ் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஊருக்கு வந்ததும் அபிதாவின் மாமா ராஜையன் தன் ஜீப்பிலேயே கோவளத்துக்குப் போய், ஒரு டைவிங் கடையில் சிலிண்டரும் மற்ற சாமான்களும் வாடகைக்கு எடுத்து வந்தார். மனுஷர் மருமகள் கேட்டால் மலையையே வெட்டித் தருவார். ஏற்கெனவே ஒரு மலையை வெட்டித்தான் அந்தக் குவாரியே உண்டாயிற்று.

பெபிஷா வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேலையை அம்மாவே மிச்சப்படுத்திவிட்டாள். பெட்டியில் துணி எடுக்கப்போனவள் காலில் மாட்டும் கருப்பு ரப்பர் துடுப்பு இரண்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். "இது என்னதுட்டி, வாத்துக்காலு?"

பெபிஷாவால் பொய் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு வீட்டில் நடந்ததை அப்படியே எழுதினால் இடம் போதாது. ஒவ்வொரு கோடையிலும் குவாரியில் விழுந்து செத்தவர்களின் பெயரையெல்லாம் அம்மா ஊர்வாரியாகச் சொன்னாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்றாள். சுனாமியில் கடவுள் திருப்பிக் கொடுத்த உயிரை நீயே கொண்டுபோய்த் தண்ணீரில் போடுவாயா என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது. பெபிஷாவும் அழுதாள். ஆனால் போகவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

அப்பா வலையைப் பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் பேசுவது அபூர்வம். இருபத்தாறாம் தேதி, சுனாமியில் இறந்தவர்களுக்கான நினைவுத் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும் வழியில் அவர் வாயைத் திறந்தார். "நானும் வாறேன். இடுப்புல கயிறு கெட்டாம எறங்கப்பிடாது."

பெபிஷாவுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கையிலிருந்து தப்பிக்கத்தான் இத்தனை பாடு. இப்போது அந்தக் கைக்குப் பதிலாக ஒரு கயிறா? இடுப்பில் கட்டினால் சிக்கிக்கொள்ளும், அதுதான் ஆபத்து என்று விளக்கினாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பேரம் நடந்தது. கடைசியில், அடியில் கல் கட்டிய கயிற்றைப் பாறை விளிம்பிலிருந்து தொங்கவிடுவது, இவர்கள் அதைக் கையில் தொட்டபடி இறங்குவது, மேல்நுனி அப்பாவிடம் இருப்பது என்று முடிவானது. ஓர் இழுப்பு என்றால் சுகம். மூன்று இழுப்பு என்றால் தூக்கு.

"மூணுன்னா மூணு அப்பா," என்றாள் பெபிஷா. "ரெண்டுக்கு தூக்கப்பிடாது. சத்தியம் பண்ணுங்க."

அவர் சத்தியம் செய்யவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். தண்ணீரில் அமிழ்வதற்கு இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளை எடுத்துக் காட்டியபோது ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். வலைக்கு ஈயம் கட்டிப் பழகிய கை அது. மஸ்கட்டில் எவ்வளவு கட்டினாய் என்று கேட்டார். எட்டு கிலோ என்றாள். அப்படியானால் இங்கும் அதுவே சரி என்றார். அவளும் ஆமாம் என்றாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் எல்லோரும் ஜீப்பில் போனார்கள். வரவே மாட்டேன் என்ற அம்மா ஜெபமாலையும் ஒரு தூக்கு நிறையக் கஞ்சியுமாக முன்சீட்டில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். பெபிஷா குவாரியை எட்டிப் பார்த்தாள். மூன்று பக்கமும் செங்குத்தாக வெட்டிய பாறை, ஒரு பக்கம் லாரி இறங்கிய பாதை அப்படியே தண்ணீருக்குள் போய் மறைந்தது, நடுவில் அசையாத பச்சைத் தண்ணீர். அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அபிதாவோ நிஜமாகவே குதித்துக்கொண்டிருந்தாள், நின்ற இடத்திலேயே.

அதற்குள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்த ஆட்கள் கூடிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் சிலிண்டரோடு ஆள் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒருவர் ராஜையனிடம் மெதுவாக, விழுந்தது யார் என்று கேட்டார். யாரும் விழவில்லை, இந்தப் பிள்ளைகள் சும்மா உள்ளே பார்க்கப் போகிறார்கள் என்றார் ராஜையன். பிணம் இல்லாத தண்ணீரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இருந்தாலும் போகாமல் நின்றார்.

லாரிப் பாதையில் இறங்கி, கயிறு தொங்கும் இடம்வரை நீந்திப் போனார்கள். மேலே பாறை விளிம்பில் அப்பா உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவர் சாமானை ஒருவர் சரிபார்த்தார்கள். காற்று சரி, வார் சரி, முகமூடி சரி. சிரிப்பு வேறு வந்துகொண்டே இருந்தது. கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள் அபிதா. இறங்கலாம் என்று அர்த்தம்.

பெபிஷா ஜாக்கெட்டிலிருந்த காற்றைத் திறந்துவிட்டாள். மஸ்கட்டில் மெதுவாகத்தான் அமிழ்வாள், மிட்டாய் கரைவது மாதிரி. இங்கே படியில் கால் தவறினதுபோல் சரேலென்று போனாள். பச்சை கரும்பச்சையானது. காது அடைத்தது. அபிதாவைக் காணவில்லை. கை தானாகவே தேடிக் கயிற்றைப் பற்றியது. அவள் எடையெல்லாம் சேர்ந்து கயிறு ஒருமுறை வெட்டி இழுபட்டது. பிடி நழுவி மறுபடி பற்றினாள். இரண்டாவது முறை வெட்டியது.

இன்னும் ஒன்று போதும். அப்பா தூக்கிவிடுவார். அந்தக் கைகளுக்கு அவள் எடை ஒரு பொருட்டே இல்லை. தூக்கிவிட்டால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனி இந்த ஜென்மத்தில் எவரும் அவளைத் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். அது போகட்டும், அவளே தன்னை இறங்க விடமாட்டாள். பெபிஷா கயிற்றை இறுகப் பிடித்தபடி அசையாமல் தொங்கினாள். மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். உதட்டோரமாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்தது. நாக்கில் பட்டது.

உப்பில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் தண்ணீர் ஆளைத் தாங்கும், இந்த மழைத் தண்ணீர் அந்த அளவுக்குத் தாங்காது. பாடப்புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தான், பரீட்சைக்கும் எழுதினாள். இரண்டு மாதம் திட்டம் போட்டவர்களில் ஒருத்திக்கும் நினைவு வரவில்லை. எட்டு கிலோ சரி என்று சொன்ன அப்பாவும் உப்புத் தண்ணீரைத் தவிர வேறெங்கும் ஈயம் போட்டறியாதவர். பெபிஷா ஜாக்கெட்டின் பொத்தானை அழுத்திக் கொஞ்சம் காற்று ஏற்றினாள். தொங்கல் நின்றது. பக்கத்தில் குமிழிகள் தெரிந்தன. அபிதாவும் கயிற்றைத் தேடி லேசாகத் தொட்டபடி, கண் இரண்டும் முகமூடி நிறைய விரிந்து வந்து நின்றாள். மேலே போகலாம் என்று பெபிஷா சாடை காட்டினாள். காது அடைப்பு விலக நேரம் கொடுத்து, மெதுவாக, தங்கள் காலாலேயே ஏறினார்கள்.

தலையை வெளியே நீட்டியபோது அம்மா விளிம்பில் நின்றிருந்தாள். ஜெபமாலை கையில் இல்லை, கீழே கிடந்தது. அப்பா ஒரு காலைப் பாறையில் ஊன்றி, மறுகாலைப் பின்னுக்கு வைத்து, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்திருந்தார். வலை இழுக்கத் தயாராக நிற்கும் அதே நிலை. முகம் வெளுத்துக் கிடந்தது.

"ரெண்டுதான் வந்துது," என்றார். "மூணாவது வரல்ல. அதுனால தூக்கல்ல, மக்களே."

கீழே தொங்கிய பெபிஷாவுக்கு அது கொஞ்ச நேரம்தான். மேலே நின்றவருக்கு எவ்வளவு நேரமாக இருந்திருக்கும்? நாற்பது வருடத்தில் அந்தக் கை கயிற்றில் அசைவு வந்து இழுக்காமல் நின்றது இதுதான் முதல் தடவையாக இருக்கும். சத்தியம் செய்யாத மனுஷர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் மாறினால் ஈயமும் மாறுமென்பது எனக்கும் தோணவில்லையே என்று அவரே ஈயக்கட்டிகளை வாங்கி ஓரமாக வைத்தார். ஆளுக்கு இரண்டு கிலோ குறைத்து, கரையோரமாகவே மிதந்து பார்த்தார்கள். கண்ணளவில் தண்ணீர் நின்றது, எடை சரி என்று அர்த்தம். போதும் என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, கஞ்சி ஆறிப்போகும், சீக்கிரம் போய்விட்டு வா என்றாள்.

இந்தமுறை கரைவது மாதிரியே இறங்கினார்கள். மேலிருந்து வெயில் கம்பி கம்பியாக வந்தது. பாறைச் சுவரில் துளைபோட்ட தடங்கள் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக ஓடின. ஒரு லாரி டயருக்குள் திலேப்பியா மீன் குடும்பமாகக் குடியிருந்தது. அபிதா கால்களை மேலே தூக்கிக் கரணம் போட்டாள். பெபிஷாவின் முதுகில் எந்தக் கையும் இல்லை. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிக்கூடப் பார்த்தாள். வாரும் சிலிண்டரும்தான் இருந்தன. சந்தோஷத்தில் மூச்சு வேகமாக வந்தது, காற்றை வீணாக்காதே என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள்.

திட்டமிட்ட ஆழத்துக்கு வந்ததும் கயிற்றை ஒரே ஒருமுறை இழுத்தாள். சுகம்.

கயிறு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு மேலிருந்து ஓர் இழுப்பு வந்தது. மேலிருந்து கீழே செய்தி வருவதைப் பற்றி இரண்டு நாள் பேரத்தில் யாரும் பேசியிருக்கவில்லை. பெபிஷா அபிதாவைப் பார்த்தாள், கயிற்றைச் சுட்டிக் காட்டினாள். அப்புறம் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, டயரைத் தாண்டி அந்தப் பச்சைக்குள் நீந்திப் போனாள்.