ஜாவித்தின் இடது தோள்

சுலைகாவுக்கு மகனிடம் ஒரே ஒரு குறைதான். பிள்ளை இடக்கைக்காரன். "பீச்சாங்கையால சாப்பிட்டா பரக்கத் இருக்காதுடா, அல்லாஹ்வோட அருள் இறங்காதுடா" என்று மூன்று வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி, சாப்பாட்டை மட்டும் எப்படியோ வலது கைக்கு மாற்றிவிட்டாள். மற்றதெல்லாம் இடதுதான். எழுதுவது, பல் துலக்குவது, கதவு திறப்பது எல்லாம். விருந்தாளிக்கு அவன் இடது கையால் டம்ளரை நீட்டும்போது அவளுக்கு மானமே போய்விடும்.

அந்தக் கைதான் பிற்பாடு அவனை அமெரிக்காவில் வைத்திருந்தது. அவனுடைய வாப்பா மீரான் மைதீன் கம்ப்யூட்டர் வேலைக்காகக் குடும்பத்தோடு நியூஜெர்சியின் பிஸ்கட்டவேக்கு வந்தபோது ஜாவித்துக்குப் பன்னிரண்டு வயது. கிரிக்கெட் பந்து வீசிக்கொண்டிருந்தவனைப் பள்ளிக்கூடத்தில் பேஸ்பாலுக்கு இழுத்தார்கள். அந்த ஆட்டத்தில் இடது கையால் பந்து எறிகிறவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. எதிரணியின் இடக்கை மட்டையாளர்கள் அவர்களிடம்தான் திணறுவார்கள். ஜாவித் ஒன்றும் பெரிய சூரன் இல்லை. பெரிய லீக்குகள் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் சின்ன ஊர் அணிகளுக்கு இப்படி ஒருவன் எப்போதும் வேண்டியிருந்தது. சிக்கலான நேரத்தில் உள்ளே போய், ஒரே ஒரு ஆளுக்கு நாலைந்து பந்து எறிந்து, அவனை வெளியேற்றிவிட்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

2001இல் வாப்பாவின் கம்பெனியை இழுத்து மூடினார்கள். பாதி தூரம் வந்திருந்த கிரீன் கார்டு வேலை, பார்சிப்பனியில் கிடைத்த அடுத்த கம்பெனியில் முதலிலிருந்து தொடங்கியது. பிள்ளைக்கு இருபத்தொன்று ஆவதற்குள் வந்தால் அவனுக்கும் சேர்த்து வரும், இல்லாவிட்டால் அவன் பாடு அவனோடு. சட்டம் எழுதியவர்கள் பிள்ளை குட்டி பெற்றவர்கள்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். 2005இல் ஜாவித்துக்கு இருபத்தொன்று ஆனது. கார்டு 2007இல் வந்தது, வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மட்டும். தங்கை நிதா அமெரிக்காவிலேயே பிறந்தவள், பிறப்பிலேயே குடியுரிமை. அவளுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஜாவித்துக்கு ஒரு நியூஜெர்சி அணி ஒப்பந்தம் கொடுத்து விசாவுக்கும் மனுப் போட்டது. ஒப்பந்தம் உள்ளவரை விசா. அணி வெளியே அனுப்பினால் நாட்டை விட்டே வெளியே. வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. அடுத்த வருஷம் டெக்ஸாஸ் அணி. அங்கே ஆலன் என்ற ஊரில் ஒரு தமிழ் ஆன்ட்டி வீட்டின் பின்னறையில் ஆறு மாதம். அதற்கடுத்து கலிபோர்னியா. அங்கே இருக்கும்போதுதான் கார்டு வந்த செய்தி போனில் வந்தது. "மாஷா அல்லாஹ், ரொம்ப சந்தோஷம் உம்மா" என்றான். சந்தோஷம்தான். போனை வைத்த பிறகு பொறாமையும் வந்தது, பெற்றவர்கள் மேலேயே பொறாமையா என்று வெட்கமும் வந்தது.

மறுபடி டெக்ஸாஸ், மறுபடி நியூஜெர்சி. குளிர்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்து அடுத்த அணியின் போனுக்குக் காத்திருப்பான். ஆட்டத்தின் மேல் இருந்த ஆசை மூன்றாவது வருஷமே வற்றிவிட்டது. ஆசை வற்றினால் வேலையை விடலாம் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. அவனால் தோற்கவும் முடியாது, விலகவும் முடியாது.

2009 ஜூலையில் இடது தோளுக்குள் ஏதோ கிழிந்தது. எறியும்போது கண்ணில் பூச்சி பறந்தது. அணி மருத்துவரிடம் சொன்னால் ஸ்கேன் எடுப்பார், அறுவை சிகிச்சை என்பார், ஒரு வருஷம் ஓய்வு என்பார். ஒரு வருஷம் எறியாதவனுக்கு எந்த அணி ஒப்பந்தம் தரும்? வாயை மூடிக்கொண்டு மாத்திரை விழுங்கினான். ஆட்டத்தில் எறியும் அந்த நாலைந்து பந்துக்காக மீதி நேரமெல்லாம் அந்தக் கையைத் தூக்காமல் பாதுகாத்தான். வீட்டிலிருந்துதான் ஆட்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தான். பல் துலக்குவது வலது கை. கதவு திறப்பது வலது கை. டம்ளர் நீட்டுவதும் வலது கை.

சுலைகாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் ரமலானும் பிறந்துவிட்டது. "பார்த்தீங்களா, நோன்போட பரக்கத்து" என்று கணவனிடம் பூரித்துப்போனாள்.

நோன்போடு தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆடும் ஜாவித்தைப் பார்த்து அணியின் கோச் கோவால்ஸ்கிக்கு ஆச்சரியம். விஷயம் தெரிந்ததும் சுலைகா, அவரை நோன்பு திறக்க வீட்டுக்குக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம் முடிந்து அவர் வந்தார். பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, வடை, சமோசா. மனிதர் மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தார். சுலைகாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"ஏங்க, சார்கிட்ட சொல்லுங்க. சின்ன வயசுலேருந்து இந்தப் பீச்சாங்கைக்காக நான் இவனை எவ்ளோ அடிச்சிருப்பேன்! இப்ப ரெண்டு மாசமா brush பண்றது, door open பண்றது, எல்லாமே சோத்தாங்கைதான். பீச்சாங்கையைத் தூக்குறதே இல்ல. அல்லாஹ் மாத்திட்டான்!"

"உம்மா, சும்மா இரேன்" என்றான் ஜாவித்.

மீரான் மைதீன் நல்ல ஆபீஸ் ஆங்கிலத்தில், ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். இரண்டு மாதமாக என்பதையும் விடவில்லை. கோவால்ஸ்கியின் கையிலிருந்த வடை தட்டுக்கே திரும்பியது. அவர் ஜாவித்தின் தோளைப் பார்த்தார்.

கிளம்பும்போது காரடியில் நின்று, கையைத் தூக்கு என்றார். காது உயரத்துக்குமேல் போகவில்லை. கோவால்ஸ்கிக்குப் புரிந்துவிட்டது. அவரும் இளமையில் பத்து அணிக்கு மாறி மாறி எறிந்தவர்தான். வலி என்று நீ வாய் திறந்து சொன்னால் நாளைக் காலையே உன்னை மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும், அது விதி. வலிக்கவில்லை என்று சொல், நம்பிக்கொள்கிறேன் என்றார். எனக்கு உன்னை விட்டால் இடக்கைக்கு ஆள் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

"வலிக்கலை" என்றான் ஜாவித், ஆங்கிலத்தில். நோன்பு திறந்து அரை மணி நேரம் ஆகவில்லை, பச்சைப் பொய்.

செவ்வாய்க்கிழமை எறிந்தான், வெள்ளிக்கிழமை எறிந்தான். கடைசி ஆட்டத்தில் மூன்றே பந்தில் எதிராளியை வெளியேற்றினான். அணியே ஓடி வந்து இடது தோளில் தட்டியது. அவன் கண்ணில் நீர் வந்ததை ஆனந்தக் கண்ணீர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பெருநாள் முடிந்த மறுவாரம் அடுத்த வருஷ ஒப்பந்தம் தபாலில் வந்தது. விசா மனுவும் அதோடுதான். சுலைகா குர்ஆனில் யாசீன் ஓதிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஜாவித் இடது கையை மேஜைமேல் கொண்டுவரப் பார்த்தான். அன்று அது அந்த உயரத்துக்கே வரவில்லை. பேனாவை வலது கையில் எடுத்தான். முதல் பக்கத்தில் பெயர் கோணல்மாணலாக விழுந்தது.

"என்னடா இது, எல்கேஜி புள்ள மாதிரி? கையெழுத்த எப்பவும் போல அந்தக் கையாலயே போடு. அதுக்கு நான் எதுவும் சொல்லமாட்டேன்."

அவன் நிமிரவில்லை. சுலைகா எட்டி அவனுடைய இடது தோளைத் தொட்டாள். தொட்டதும் அவன் வாயிலிருந்து சத்தம் வந்துவிட்டது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு மாதமும் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"எப்பலேருந்துடா?"

"ஜூலை."

"ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா?"

"ஆயிடும். ஆனா ஒரு வருஷம் விளையாட முடியாது. Contract போயிடும் உம்மா. ஊருக்குப் போகணும், தனியா."

சுலைகா வேண்டாம்டா என்று சொல்லிவிடுவாள் என அவன் காத்திருந்தான். சொல்லட்டும் என்று மனசார வேண்டினான். அவள் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பேனாவைத் தூக்கி எறிந்திருப்பான்.

அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அடுத்த பக்கத்தைப் புரட்டி அவன் முன்னால் வைத்தாள். பிறகு அவன் எழுதும்போது காகிதம் நகர்ந்துவிடாமல் இருக்க, அதன் ஓரத்தைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.