தனுஷா ஃபோன்

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தமாட்டேன். ஆனால் ஸஹ்ரா இன்றும் ஓட்டமாவடியில்தான் இருக்கிறாள். கேட்டால் அவளே சொல்வாள். பகல் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

போன மாரியில் நடந்தது. அவளுக்கு அப்போதுதான் ஒரு வேலை வாய்த்திருந்தது. கட்டாரில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணித வகுப்பு. முதலில் சோதனைக் காலம். வகுப்பு நடுவில் அறுந்தால் வேறு ஆள் பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வயிற்றில் குழந்தை. வெளியே அலையாமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். கணவன் நௌஷாட், இன்ஷாப் என்பவரின் கடையில் பழைய லெப்டொப் ஒன்றை வாங்கிக் கொடுத்தான்.

நல்ல லெப்டொப். ஒரே ஒரு குறை. மூடி வைத்தால் தூங்கும். திறந்து எழுப்பினால் வைஃபை வராது. பக்கத்திலேயே ரவுட்டர் பச்சை விளக்கோடு சிமிட்டிக்கொண்டிருக்கும். போனில் எடுக்கும். லெப்டொப் மட்டும் எதையும் காணாது. முழுதாக அணைத்துப் போட்டால் வந்துவிடும்.

நௌஷாட்டுக்கு இதில் கொஞ்சம் கை ஓடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபை கார்டை அணைக்கலாம் என்றிருந்த சரிக்குறியை எடுத்துவிட்டான். டிரைவரைப் புதிதாகப் போட்டான். மூடினான். திறந்தான்.

வீட்டு வைஃபை இல்லை. பக்கத்து வீடுகளுடையதும் இல்லை. பட்டியலில் ஒரே ஒரு பெயர்.

தனுஷா ஃபோன்.

சிக்னல் ஒரு கோடு.

"ஆரு இது தனுஷா?" என்றாள் ஸஹ்ரா.

"ரோட்டால போற ஆராச்சும் ஹொட்ஸ்பொட் போட்டிருப்பாங்க. உட்டுட்டு வேலயப் பாரு புள்ள."

மறுநாள் அடைமழை. ரோட்டில் ஒரு குருவி இல்லை. மூடித் திறந்தாள். மறுபடியும் அதே பெயர். இரண்டு கோடு.

அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். ஒரு கோடாகக் குறைந்தது. அடுப்படிக்கு வந்தாள். இரண்டானது. பின்கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

மூன்று.

பின்கதவுக்கு அப்பால் வீடு கிடையாது. ஆறுதான். மழையில் கலங்கி, கரை முட்டிக் கிடந்தது.

அதன் பிறகு அவள் லெப்டொப்பை மூடுவதே இல்லை. அது தூங்கிவிடாமல் இடைக்கிடை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அப்படியும் ஒருநாள் வகுப்புக்கு முன்னால் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்துவிட்டு வருவதற்குள் தூங்கிப்போனது. எழுப்பினாள். வீட்டு வைஃபை இல்லை. அணைத்துப் போட்டு வருவதற்குள் பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று கம்பனியிலிருந்து செய்தி வந்தது.

லெப்டொப்பைத் தூக்கித் துடைக்கப் போனாள். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. சேற்று நாற்றம்.

நௌஷாட் யோசித்தான். "கார்டுதான் பழுது. மாத்திப் போட்டாச் சரி."

பின்மூடியைக் கழற்றினான். வைஃபை கார்டைப் பிடுங்கினான். முத்திரை அளவுதான் இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதே மாதிரி ஒன்று வாங்க இன்ஷாப்பின் கடைக்கு மழையிலேயே புறப்பட்டான். அன்றைய வகுப்பைப் போனில் நடத்துவதாக முடிவு.

பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. வீட்டில் ஸஹ்ரா தனியே.

வகுப்புக் கணக்குகள் லெப்டொப்பில் இருந்தன. அவற்றைப் பார்த்து எழுதிக்கொள்ளத்தான் திறந்தாள். கார்டு இல்லாத லெப்டொப்பில் வைஃபை அடையாளமே வரக்கூடாது.

வந்தது.

தனுஷா ஃபோன். நான்கு கோடு.

நௌஷாட்டுக்குக் கோல் எடுத்தாள்.

"அந்தக் கார்டு எங்க?"

"எண்ட கையிலதான் இருக்கு. இன்ஷாப் பாத்திட்டிருக்கார். ஏன்?"

"மறுகா எப்பிடி இது..."

அவள் எதையும் தொடவில்லை. திரையில் எழுத்து மாறியது.

இணைக்கப்பட்டது.

லெப்டொப்பின் விசிறி இரைந்தது.

மழை சட்டென்று விட்டது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சொட்...

சொட்...

கூரையில் இல்லை. வெளியிலும் இல்லை.

அவள் கதிரைக்குப் பின்னால்...

பயத்தில் அவள் ஓதத் தொடங்கிய ஆயத்துல் குர்ஸி பாதியில் நின்றது.

திரும்பவில்லை.

ஓடினாள்.

அடுத்த வீட்டு ஸகியா மாமிதான் அவளைப் பிடித்து இருத்தினார். நௌஷாட் வந்து பார்த்தபோது வீட்டில் யாரும் இல்லை. கதிரைக்குப் பின்னால் மட்டும் நிலம் நனைந்திருந்தது. லெப்டொப் மூடியிருந்தது. ஸஹ்ரா அதை மூடவில்லை.

இன்ஷாப்பிடம் விசாரித்தார்கள். பக்கத்து ஊர் கிரானில் உதயரூபன் என்ற ஒருவர் விற்றது என்றார். பழைய டிஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டதாகவும், பழையது எதுவும் அதில் மிஞ்சியிருக்க வழியில்லை என்றும் சத்தியம் செய்தார்.

வெள்ளம் வடிந்ததும் இருவரும் லெப்டொப்பை எடுத்துக்கொண்டு கிரானுக்குப் போனார்கள். உதயரூபன் அதைக் கண்டதுமே முகம் மாறிப்போனான்.

"இது எங்கட தங்கச்சிட. தனுஷா. கெம்பஸில படிச்சவ. வீட்டில வைஃபை இல்ல, அவட போனாலதான் இதுக்கு நெட் எடுப்பா. முந்தின வெள்ளத்தில ரோடு முழுகித் தோணியிலதான் போய் வந்தம். தோணி கவிண்டிட்டு. உடம்பத்தான் எடுத்தம். போன் கிடைக்கல்ல, ஆத்தோட போயிட்டு."

நௌஷாட் நடந்ததைச் சொன்னான். எந்த நாள் என்று உதயரூபன் கேட்டான். சொன்னார்கள். அவன் எழும்பிப் போய் உள்கதவைச் சாத்திவிட்டு வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாக்குக் கேக்கப்படா. அம்மா ஒவ்வொரு நாளும் அந்த நம்பருக்கு எடுப்பா. ஓஃப் எண்டுதான் சொல்லும். அண்டைக்குப் பின்னேரம் ரிங் போயிருக்கு."

"மறுகா?" என்றான் நௌஷாட்.

"ஆரோ எடுத்திருக்காங்க. பேசல்ல. தண்ணி சொட்டுற சத்தம். கொஞ்சம் தள்ளி ஒரு பொம்புள, ஆரோடயோ பயந்து பயந்து போன்ல பேசுறா. கார்டு எங்க எண்டு கேக்கிறா..."

அவன் ஸஹ்ராவைப் பார்த்தான்.

"அது தனுஷாட குரல் இல்லயாம். ஆருட குரல் எண்டுதான் அம்மா இன்னும் கேட்டுக்கிட்டிருக்கா."